பல் வெண்மை எத்தனை நாள் நிற்கும்? பெங்களூருக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

தர்மபுரியிலிருந்து வந்து எலக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது என்றும், தையில் திருமணம் என்பதால் பற்களை வெண்மையாக்கிக்கொள்ள நினைப்பதாகவும், 'ஒரே சிட்டிங்கில் முடித்துவிடலாம், இரண்டு வருடத்துக்கு அப்படியே இருக்கும்' என்று பல் மருத்துவமனையில் சொன்னதை நம்பலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அல்சூரில் 19 வருடமாகக் குடியிருப்பவள், அந்தச் சிகிச்சையை இரண்டு முறை செய்துகொண்டு ஒவ்வொரு முறையும் ஒரு தவறு செய்தவள் என்ற உரிமையில் பதில் எழுதுகிறேன்.

இரண்டு வருடம் நிற்கலாம். ஆனால் 'அப்படியே' நிற்காது. ஒரே சிட்டிங்கில் செய்தது சிலருக்கு ஆறு மாதத்திலேயே மங்கத் தொடங்கும், பலருக்கு ஒரு வருடம்வரை நன்றாகத் தெரியும். காபி, டீ, புகை மூன்றையும் குறைத்தவர்களுக்கு இரண்டு மூன்று வருடம் வரை வருவதும் உண்டு. முதல் நாள் கண்ணாடியில் பார்க்கும் வெண்மையை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். பல்லை வெளுக்கவைக்கப் பூசும் ஜெல்லை வைத்திருக்கும் நேரத்தில் பல் ஈரத்தை இழந்து வறண்டுவிடுவதால், உண்மையில் வந்த நிறத்தைவிட அது வெளுப்பாகத் தெரியும். எச்சில் ஊறி ஈரம் திரும்பி, ஓரிரு வாரத்தில் நிறம் ஒரு நிலைக்கு வந்து நிற்கும். இது தெரியாமல் நான் பத்தாம் நாளே, காசு வீணாகிவிட்டது என்று வீட்டில் புலம்பியிருக்கிறேன்.

ஜெல்லில் இருப்பது ஹைட்ரஜன் பெராக்சைடு, அல்லது கரைந்து அதுவாகவே மாறும் கார்பமைடு பெராக்சைடு. அது பல்லின் கடினமான மேல் ஓடான எனாமலுக்குள் ஊடுருவி, நிறம் தரும் மூலக்கூறுகளை உடைக்கிறது. மருத்துவமனையில் வைப்பது பெரும்பாலும் 25 முதல் 40 சதவீதம் வரை வீரியமுள்ளது. வீட்டில் இரவு, பல்லின் மேல் மாட்டும் மெல்லிய பிளாஸ்டிக் உறையான டிரேயில் வைத்துக்கொள்ளும் 10 சதவீதக் கார்பமைடு ஜெல்லிலோ பெராக்சைடு ஏறத்தாழ மூன்றரை சதவீதம்தான் இருக்கும். வீரியம் கூடினால் வேகம் கூடும், பல் கூச்சமும் கூடும். நீடிப்பு கூடும் என்று எண்ணிவிடாதீர்கள். நீல விளக்கையோ லேசரையோ காட்டித் தனிக் கட்டணம் கேட்டால், அதனால் நீண்ட காலப் பலனில் பெரிய வேறுபாடு வருவதில்லை என்பதை நினைவில் வையுங்கள். அந்தப் பணத்துக்கு உங்கள் பல்லின் அச்செடுத்துச் செய்த டிரே ஒன்றும் கொஞ்சம் ஜெல்லும் கேட்டு வாங்குங்கள். பின்னாளில் வெண்மையைக் காப்பாற்றப்போவது அதுதான்.

நீங்கள் தர்மபுரிக்காரர் என்று படித்ததும் எனக்கு வேறொரு கவலை வந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன், ஃபுளோரைடு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்தவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். நிரந்தரப் பற்கள் ஈறுக்குள் உருவாகும் சிறு வயதில் அந்த நீரைக் குடித்தவர்களுக்குப் பல்லில் சுண்ணாம்பு தெளித்ததுபோல் வெள்ளைத் திட்டுகளோ பழுப்புக் கறையோ பல்லோடு பல்லாகவே அமைந்துவிடும். பழுப்பு ஓரளவு வெளுக்கும். வெள்ளைத் திட்டு போகாது, முதல் சில நாள் இன்னும் எடுப்பாகத் தெரியவும் கூடும். அப்படி இருந்தால் எனாமலின் மேற்பரப்பை மெல்லியதாகச் சீர்செய்யும் மைக்ரோஅப்ரேஷன் போன்ற முறையும் சேர்ந்தே தேவைப்படலாம் என்பதால், 'இது எந்த வகைக் கறை?' என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். பெங்களூரு டேங்கர் தண்ணீரால் பல் மஞ்சளாகிறது என்று அலுவலகத்தில் யாராவது பயமுறுத்துவார்கள். முழுதாக வளர்ந்துவிட்ட பல்லில் தண்ணீரின் ஃபுளோரைடு இத்தகைய கறையைப் புதிதாக உண்டாக்காது.

கேப் போட்ட பல்லும், பல் நிறத்தில் அடைத்த இடமும் ஜெல்லுக்கு வெளுக்காது. ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முன்பல் ஒன்றுக்கு நான் கேப் போட்டிருந்தேன். முதல் முறை சென்ற மருத்துவமனையில் அதை ஒருவரும் எனக்கு நினைவூட்டவில்லை. மற்ற பற்கள் வெளுத்த பிறகு அது மட்டும் பழைய பியானோக் கட்டைபோல் தனித்து நின்றது. கேப்பை மாற்ற ஆன செலவு வெண்மையாக்கிய செலவைத் தாண்டியது. உங்களுக்கு அப்படி ஏதேனும் இருந்தால், வெண்மையாக்கி இரண்டு வாரம் கழித்து, நிறம் நிலைத்த பிறகே அதைப் புதிய நிறத்துக்கு ஏற்ப மாற்றச் சொல்லுங்கள்.

முதல் 48 மணி நேரம் நிறமுள்ள உணவைத் தவிர்க்கச் சொல்வார்கள். நம் ஊர்ச் சாப்பாட்டில் அது சுலபமில்லை: மஞ்சள்தூள் இல்லாத குழம்பு எது? இங்கு நின்றபடியே சாப்பிடும் தர்ஷினி ஓட்டல்களின் சாம்பாரோ பேடகி மிளகாயின் சிவப்போடு வரும். கேசரிபாத்தும் காராபாத்தும் சேர்த்துத் தரும் சௌசௌபாத் கேட்டால் ஒரு பக்கம் கேசரி நிறம், மறு பக்கம் மஞ்சள். நான் அந்த இரண்டு நாளையும் இட்லி, தேங்காய்ச் சட்னி, தயிர்சாதம், நீர்தோசை, பால் என்று ஓட்டினேன். பல் கூசினால் பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பற்பசையைப் பயன்படுத்துங்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் கூச்சம் அடங்கும். மீண்டும் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் கன்னடத்தில் 'ஹல்லு ஜும் அன்னுத்தே' (பல் கூசுகிறது) என்றால் போதும், புரிந்துகொள்வார்கள்.

அதற்குப் பிறகு உங்கள் பெரிய எதிரி காபி. காபியை விடச் சொல்லும் துணிவு எனக்கில்லை, நானே விடவில்லை. ஆனால் குடிக்கும் விதத்தை மாற்றிக்கொண்டேன். தர்ஷினியில் நின்றபடி பை-டூ காபியை (ஒரு காபியை இருவர் பகிர்வது) ஐந்து நிமிடத்தில் குடித்து, உடனே ஒரு மடக்குத் தண்ணீரால் வாயைக் கொப்பளிப்பவருக்கு வரும் கறை குறைவு. ஐ.டி. அலுவலகத்தில் காகிதக் கோப்பையை மேசையில் வைத்து ஒன்றரை மணி நேரம் சிறிது சிறிதாக உறிஞ்சுபவரின் பல்தான் சீக்கிரம் மங்குகிறது. எலுமிச்சைச் சாறோ குளிர்பானமோ குடித்தால் அரை மணி நேரமாவது கழித்துப் பல் துலக்குங்கள். அமிலத்தால் மிருதுவான எனாமலை உடனே தேய்த்தால் அது தேயும். கரித்தூள், சாம்பல், எலுமிச்சையும் சோடா உப்பும் கலந்த கைவைத்தியம் எல்லாம் அதே காரணத்தால் கெடுதல்: எனாமல் தேய்ந்தால் உள்ளேயிருக்கும் மஞ்சள் நிற டென்டின்தான் வெளியே தெரியும். குளோர்ஹெக்ஸிடின் உள்ள மவுத்வாஷை யாராவது எழுதிக்கொடுத்தால் எத்தனை நாளுக்கு என்று கேளுங்கள். நாள்பட உபயோகித்தால் அதுவே பழுப்புக் கறை படியச் செய்யும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிளீனிங் செய்து பல்லில் படிந்து இறுகிய காறையை எடுத்துவிட்டு, மங்கியிருப்பதாகத் தோன்றினால் மருத்துவரிடம் கேட்டு ஓரிரு இரவு டிரே வைத்துக்கொண்டால் போதும், முழுச் சிகிச்சையை மறுபடி செய்ய வேண்டியதில்லை. டிரேயைப் பச்சைத் தண்ணீரில் மட்டும் கழுவுங்கள். என் இரண்டாவது தவறு அதில்தான்: சுத்தமாகட்டும் என்று கொதிநீரில் போட்டேன், எண்ணெயில் இட்ட அப்பளம்போல் சுருண்டுவிட்டது. மறுபடி அச்செடுக்க வேண்டியதாயிற்று.

மால் கடைகளிலும் அழகு நிலையங்களிலும் மலிவாகச் செய்வதாகக் கூப்பிடுவார்கள்; போகாதீர்கள். மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவரிடம் மட்டும் செய்யுங்கள். சொத்தையோ ஈறு வீக்கமோ இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

தையில் திருமணம் என்றால் கார்த்திகையில் கிளீனிங், மார்கழித் தொடக்கத்தில் வெண்மையாக்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளீனிங் முடிந்ததும் கண்ணாடியைப் பாருங்கள். மஞ்சளில் பாதி காறையாக இருந்து அதோடேயே போயிருந்தால் மீதிச் செலவு உங்களுக்குத் தேவைப்படாமலும் போகலாம். கல்யாணத் தாம்பூலத்தை மறுக்க வேண்டாம், போட்டுக்கொண்டு நன்றாக வாய் கொப்பளித்துவிடுங்கள்.

அன்புடன்,
அல்சூர் அக்கா