வாய்க்கும் சைனஸுக்கும் இடையே துளை: ஃபைப்ரின் போதுமா, மடல் வைத்துத் தைக்க வேண்டுமா?

கேள்வி: மேல் வரிசையில் வலப்பக்க முதல் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கி நான்கு நாள்கள் ஆகின்றன. வாய் கொப்பளித்தால் தண்ணீர் மூக்கு வழியாக வருகிறது. பல் பிடுங்கிய இடத்திலிருந்து மூக்கையொட்டிய சைனஸுக்குச் சுமார் 4 மில்லிமீட்டர் அகலத்தில் துளை விழுந்திருப்பதாகவும், என் இரத்தத்திலிருந்தே ஃபைப்ரின் என்ற உறைபுரதத்தை எடுத்து அந்தத் துளையை அடைத்துவிடலாம் என்றும் பல் மருத்துவர் சொல்கிறார். இன்னொரு மருத்துவரோ கன்னத்துச் சதையை மடலாகப் பெயர்த்து இழுத்துத் தைப்பதுதான் நிலைக்கும் என்கிறார். நான் தினமும் ஆஸ்பிரின் எடுத்துக்கொள்கிறேன். பிற்பாடு அந்த இடத்தில் இம்ப்ளாண்ட் (எலும்பில் ஊன்றும் செயற்கைப் பல்) பொருத்திக்கொள்ளவும் விருப்பம். எதற்குச் சம்மதிப்பது?

பதில்: நீங்கள் எழுதியுள்ள அளவும் நாள் கணக்கும் சரியாக இருந்து, சைனஸில் சீழோ உடைந்த வேர்த்துண்டோ இல்லை என்பதும் உறுதியானால், ஃபைப்ரின் முறையை முதலில் செய்துபார்ப்பது நியாயமான முடிவு என்பதே என் கருத்து. இரு மருத்துவர்களும் தவறாகச் சொல்லவில்லை. துளை எவ்வளவு பெரியது, எத்தனை நாள் பழையது, மேலே உள்ள சைனஸ் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்ற மூன்றும்தான் விடையைத் தீர்மானிக்கின்றன. அடைக்கப் பயன்படுத்தும் பொருள் அதற்கு அடுத்த நிலையில்தான் வருகிறது.

மேல்தாடைக் கடைவாய்ப்பற்களின் வேர்நுனிகளுக்கும் சைனஸின் அடித்தளத்துக்கும் இடையே பலருக்குச் சில மில்லிமீட்டர் எலும்பு மட்டுமே இருக்கும். சிலருக்கு அந்த எலும்பும் இல்லாமல், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனுள்ள சவ்வு மட்டுமே வேரை மூடியிருக்கும். அப்படிப்பட்ட பல்லை எவ்வளவு பக்குவமாக எடுத்தாலும் சவ்வு கிழிந்துவிடலாம். ஆகவே இதை உடனே மருத்துவரின் கவனக்குறைவு என்று எண்ண வேண்டியதில்லை. 2 மில்லிமீட்டருக்கும் குறைந்த துளைகள், பல்குழியில் உறையும் இரத்தக்கட்டி கலையாமல் இருந்தால், பெரும்பாலும் தாமாகவே மூடிக்கொள்ளும். ஏறத்தாழ 5 மில்லிமீட்டரைத் தாண்டியவை தாமாக மூடும் என்று காத்திருக்க முடியாது. உங்களுடைய 4 மில்லிமீட்டர் துளை இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஃபைப்ரின் உண்மையிலேயே பயன்படும் இடமும் இதுதான்.

அளவைவிட நாள் கணக்கைத்தான் நான் அதிகம் கவனிக்கச் சொல்வேன். துளை விழுந்த முதல் 48 மணி நேரத்துக்குள் மூடுவது எப்போதுமே நல்லது. அதற்குப் பிறகு வாயிலுள்ள கிருமிகள் சைனஸுக்குள் குடியேறத் தொடங்கிவிடும். மூடாமல் விட்ட துளையின் உட்சுவரில் வாயின் மேல்தோல் மெல்ல மெல்லப் படர்ந்து, இரண்டு மூன்று வாரங்களில் அதை நிலையான ஒரு பாதையாக்கிவிடும். ஃபிஸ்டுலா என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். தோல் படர்ந்த சுவரில் இரத்தக்கட்டி ஒட்டாது என்பதால், அந்தத் தோலை முழுமையாக வெட்டி எடுத்தபின் மடல் வைத்துத்தான் மூட வேண்டியிருக்கும். அங்கே ஃபைப்ரினை மட்டும் நம்புவது வீண். நீங்கள் நான்காம் நாளில் இருக்கிறீர்கள். இன்னும் அந்தக் கட்டத்துக்குப் போகவில்லை என்றாலும், முடிவை ஒரு வாரம் தள்ளிப்போடும் நிலையிலும் இல்லை.

ஃபைப்ரின் என்பது புறத்திலிருந்து வந்த அதிசயப் பொருள் அன்று. எந்தக் காயத்திலும் இரத்தம் உறையும்போது, ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தை திராம்பின் என்ற நொதி நூல்நூலாகப் பின்னி வலையாக்குகிறது; அந்த வலைதான் ஃபைப்ரின். பல்குழியில் இயல்பாக உருவாகும் கட்டி, ஒவ்வொரு மூச்சிலும் சைனஸின் காற்றழுத்தம் ஏறி இறங்குவதால் ஆட்டம் கண்டு உதிர்ந்துவிடுகிறது. அதைவிடச் செறிவான, கையில் எடுத்து வைக்கக்கூடிய ஒரு கட்டியை முன்கூட்டியே செய்து துளையில் பொருத்துவதுதான் இந்தச் சிகிச்சையின் சாரம்.

இதில் இரண்டு வகைகள் உண்டு. உங்களுக்குச் சொல்லப்பட்டது எது என்பதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். முதலாவது, கடையில் கிடைக்கும் ஃபைப்ரின் பசை. கொடையாளர்களின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்து, வைரஸ்களைச் செயலிழக்கச் செய்யும் படிகளைக் கடந்து வரும் ஃபைப்ரினோஜன் ஒரு சிரிஞ்சிலும், கால்சியத்துடன் சேர்ந்த திராம்பின் இன்னொரு சிரிஞ்சிலும் இருக்கும். இரண்டும் நுனியில் கலந்ததும் சில நொடிகளில் இறுகத் தொடங்கும். வாய்-சைனஸ் துளைகளில் இதன் பயன்பாடு 1980-களிலேயே சோதித்துப் பார்க்கப்பட்டது. சிலவகைப் பசைகளில், ஃபைப்ரின் சீக்கிரம் கரைந்துவிடாதிருக்க மாட்டிலிருந்து எடுக்கப்படும் அப்ரோட்டினின் சேர்க்கப்படுகிறது. அதற்கு ஒவ்வாமை உள்ளவர்களும், முன்பு ஒருமுறை அப்பொருள் உடலில் செலுத்தப்பட்டவர்களும் அதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இரண்டாவது வகை, உங்கள் இரத்தத்திலிருந்தே எடுப்பது. பிளேட்லெட் (தட்டணு) செறிந்த ஃபைப்ரின், சுருக்கமாகப் பி.ஆர்.எஃப்., என்ற இந்த முறையை 2001-இல் பிரான்ஸைச் சேர்ந்த ஜோசப் ஷுக்ரூன் குழுவினர் அறிமுகப்படுத்தினர். ஊசி போட்டு இரத்தம் எடுப்பதற்கு மேல் உங்களுக்கு இதில் பெரிய சிரமம் எதுவும் இல்லை. உறைவதைத் தடுக்கும் மருந்து எதுவும் சேர்க்காத 10 மில்லிலிட்டர் குழாய்களில் இரத்தத்தை எடுத்து, உடனடியாகச் சென்ட்ரிஃபியூஜ் கருவியில் வைத்துச் சுழற்றுவார்கள். முதலில் வந்த முறையில் நிமிடத்துக்கு 2,700 முதல் 3,000 சுற்றுகள், 10 முதல் 12 நிமிடங்கள். பின்னாளில் வேகத்தைக் குறைத்த முறைகளும் வந்துள்ளன. இரத்தம் எடுத்தபின் ஓரிரு நிமிடங்கள் தாமதித்தால்கூட, குழாயிலேயே தாறுமாறாக உறைந்து பயன்படாமல் போய்விடும். இதனால்தான் கருவி வேறொரு ஆய்வகத்தில் இருக்கும் இடங்களைவிட, சிகிச்சை அறையிலேயே வைத்திருக்கும் இடத்தை நான் விரும்புகிறேன்.

குழாயை வெளியே எடுத்துப் பார்த்தால் அடியில் சிவப்பணுக்கள் கருஞ்சிவப்பாகப் படிந்திருக்கும். மேலே வைக்கோல் நிறத் தெளிந்த நீர் நிற்கும். நடுவில் வெளிர்மஞ்சள் நிறத்தில், இளநீர் வழுக்கையைப் போல வழவழப்பாக ஃபைப்ரின் கட்டி மிதக்கும். தட்டணுக்களும் வெள்ளணுக்களும் பெரும்பாலும் இந்தக் கட்டியின் கீழ்ப்பகுதியில், சிவப்பு தொடங்கும் விளிம்பை ஒட்டியே குவிந்திருக்கும். ஆகவே கத்தரிக்கும்போது மெல்லிய சிவப்பு விளிம்பைக் கொஞ்சம் சேர்த்தே எடுப்பது வழக்கம். அக்கட்டியைத் தட்டையான தகட்டுக்கு அடியில் மெதுவாக அழுத்தி நீரை வடித்தால், இடுக்கியால் பிடித்துத் தூக்கக்கூடிய, தையல் ஊசியையும் தாங்கக்கூடிய சவ்வு கிடைக்கும். அதில் சிக்கியுள்ள தட்டணுக்கள் ஒரு வாரத்துக்கும் மேலாக வளர்ச்சிக் காரணிகளைக் கசியவிட்டு, புது இரத்தக் குழல்களும் திசுவும் உருவாகத் துணைசெய்கின்றன. சொந்த இரத்தம் என்பதால் ஒவ்வாமை பற்றிய கவலையும் இல்லை.

பொருத்தும் விதத்தில்தான் வெற்றியும் தோல்வியும் இருக்கின்றன. உள்ளூர் மயக்க ஊசி போட்டு, குழியைச் சுத்தம் செய்து, பல் ஈற்றின் ஓரங்களைப் புதுப்பித்தபின், ஒரு கட்டியைச் சுருட்டிக் குழிக்குள் அடைப்பார்கள். சைனஸுக்குள் நழுவிவிடாதபடி அதைக் குழியின் எலும்புச் சுவர்களுக்கு இடையே நிறுத்த வேண்டும். அதன்மேல் ஒன்றிரண்டு சவ்வுகளை விரித்து, அவற்றின் விளிம்புகளை ஈற்றுக்கு அடியில் செருகி, குறுக்குத் தையலால் இறுக்கிவிடுவார்கள். ஆக, ஃபைப்ரின் என்றால் தையலே கிடையாது என்று நினைக்க வேண்டாம். சதையைப் பெயர்த்து இழுக்காமல், இருக்கும் இடத்திலேயே போடும் தையல் இது. வேர்களுக்கு இடையிலான எலும்பு உடைந்து குழி அகலமாகிவிட்டிருந்தால், தாங்குவதற்குச் சுவர் இல்லாததால் இம்முறை பலவீனப்படும்.

மடல் அறுவைக்கும் உரிய மதிப்பைத் தர வேண்டும். அறுவை மருத்துவர் ரேர்மன் 1936-இல் விவரித்த கன்னமடல் முறை இன்றும் உலகெங்கும் கையாளப்படுகிறது. பெரிய துளைகளுக்கும் பழைய ஃபிஸ்டுலாக்களுக்கும் அதுவோ, எக்யேடி என்ற மருத்துவர் 1977-இல் எழுதிய, கன்னக் கொழுப்பை இழுத்து மூடும் முறையோதான் நம்பத்தக்கது. குறை என்னவென்றால், கன்னமடலை இழுத்துத் தைக்கும்போது கன்னத்துக்கும் ஈற்றுக்கும் இடையிலான பள்ளம் ஆழம் குறைந்துபோகிறது. வீக்கமும் வலியும் கூடுதலாக இருக்கும். பல்லைச் சுற்றி இருக்க வேண்டிய கெட்டியான ஈறு இடம்பெயர்ந்து, மென்மையான கன்னத் தோல் அங்கே வந்துவிடுவதால், இம்ப்ளாண்ட் வைக்க விரும்பும் உங்களைப் போன்றவர்களுக்குப் பிறகு இன்னொரு திருத்தம் தேவைப்படலாம். உங்கள் நிலையில் ஃபைப்ரினை முதலில் முயலலாம் என்று நான் சொல்வதற்கு இதுவே முக்கியக் காரணம். அது பலிக்காவிட்டாலும் மடலுக்கான திசு கெடாமல் இருக்கும். மடலை முதலில் செய்து அது பிரிந்துவிட்டால், இரண்டாம் முறை கைவசம் இருப்பது தழும்பேறிய திசுதான்.

ஆனால் சைனஸில் சீழ் இருக்கும்போது எதை வைத்து மூடினாலும் நிற்காது. கிருமிகளும் வெள்ளணுக்களும் சுரக்கும் நொதிகள் ஃபைப்ரினைக் கரைத்துவிடும். உமிழ்நீருக்கே ஃபைப்ரினைக் கரைக்கும் தன்மை ஓரளவு உண்டு. அந்தப் பக்கக் கன்னத்தில் பாரம், குனிந்தால் வலி, மூக்கிலோ துளையிலோ துர்நாற்றத்துடன் வடிதல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், அடைப்பதற்கு முன் ஆண்டிபயாட்டிக் மருந்தும், உப்புநீரால் சைனஸைக் கழுவுதலும், தேவைப்பட்டால் காது மூக்குத் தொண்டை மருத்துவரின் எண்டோஸ்கோப்பிச் சிகிச்சையும் முடிய வேண்டும். வேர்த்துண்டு உள்ளே போயிருக்கிறதா என்பதை, தாடையை முப்பரிமாணத்தில் படமெடுக்கும் சி.பி.சி.டி. ஸ்கேன் தெளிவாகக் காட்டும். அது எடுக்கப்படவில்லை என்றால் கேட்டுப் பெறுங்கள். துளை இருக்கிறதா என்று பார்க்க மூக்கைப் பொத்திக்கொண்டு நீங்களே வீட்டில் ஊதிப் பார்க்காதீர்கள். சிறு கிழிசல் பெரிதாவது பல நேரங்களில் அப்படித்தான்.

ஆஸ்பிரின் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத்தான் குறைக்கிறது, ஃபைப்ரின் வலை உருவாவதைத் தடுப்பதில்லை. எனவே அதை எடுத்துக்கொள்பவரிடமிருந்தும் பி.ஆர்.எஃப். தயாரிக்க முடியும். வார்ஃபரின், ஹெப்பரின் போன்றவை வேறு கதை. அவை உறைதலையே தாமதப்படுத்துவதால் கட்டி தளர்ந்து வரலாம். எந்த மருந்தானாலும், அதை எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்த வேண்டாம். எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ பிஸ்பாஸ்பனேட் வகை மருந்து எடுப்பவரும், தாடையில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவரும், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவரும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்குக் காயம் ஆறும் வேகமும் சிகிச்சைத் திட்டமும் மாறும்.

அடைத்தபிறகு வரும் இரண்டு வாரங்கள் உங்கள் கையில் இருக்கின்றன. மூக்கைச் சிந்தக் கூடாது. வழிந்தால் துடைத்துக்கொள்ள வேண்டும். தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்ம வேண்டும். ஸ்ட்ராவில் உறிஞ்சுவது, பலூன் ஊதுவது, குழலிசைக் கருவிகள் வாசிப்பது, முக்கிப் பாரம் தூக்குவது, நீரில் மூழ்கி நீந்துவது எல்லாம் சைனஸின் அழுத்தத்தை மாற்றுபவை. விமானப் பயணத்தை மருத்துவர் சம்மதிக்கும்வரை ஒத்திப்போடுங்கள். புகைப்பழக்கம் இருந்தால், இழுக்கும்போது ஏற்படும் அழுத்தத்தாலும் புகையாலும் இரட்டைக் கேடு. மூக்கடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை எழுதிக்கொடுத்தால் சொன்ன நாள்களோடு நிறுத்திவிடுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் போனால் அதுவே அடைப்பை உண்டாக்கும். முதல் நாள் கொப்பளிக்காமல், பிறகு வேகமின்றி வாயில் நீரை வைத்துச் சாய்த்துத் துப்புங்கள்.

முதல் சில நாள்களில் மூக்கிலிருந்து இரத்தம் கலந்த சளி சிறிது வருவது இயல்பு. சவ்வு வெளுத்துப் பஞ்சுபோலத் தெரிந்தால் சீழ் என்று பயந்து கிளற வேண்டாம். அது கரைந்துகொண்டே கீழே புதுத் திசுவுக்கு இடம்விடுகிறது. ஆனால் நீர் மறுபடி மூக்கில் ஏறினாலும், மூச்சு விடும்போது துளையில் காற்றுக் குமிழ் வந்தாலும், கெட்ட வாடையோ காய்ச்சலோ தென்பட்டாலும், குறித்த நாள்வரை காத்திராமல் அன்றே போங்கள். முதல் வாரத்தில் தெரியவரும் கசிவுக்கு மீண்டும் ஒரு சவ்வு வைத்துப் பார்க்க வாய்ப்பு இருக்கும், மூன்றாம் வாரத்தில் பெரும்பாலும் இருக்காது. எல்லாம் நல்லபடியாக மூடினால், இம்ப்ளாண்ட் பேச்சை நான்கு முதல் ஆறு மாதங்கள் கழித்து, புதிய ஸ்கேனில் சைனஸ் தெளிவாகவும் எலும்பு போதுமான உயரத்திலும் இருப்பதைப் பார்த்தபின் தொடங்குங்கள். ஈறு மூடிவிட்டாலும் அதன் கீழே எலும்பு நிரம்பியிருக்கும் என்று சொல்ல முடியாது என்பதால், அப்போது சைனஸ் தளத்தை உயர்த்தி எலும்பு வைக்க வேண்டியும் வரலாம்.