ஆஸ்பத்திரி நடையில் தொங்கிய ஹுசைன்: வாசகர் கேள்விகள்

இந்தப் பகுதிக்கு வழக்கமாக வரும் கடிதங்கள் படத்துக்குச் சட்டம் போடுவது, பூஞ்சை, வெடிப்பு பற்றியவை. எண்ணெய் ஓவியங்களைச் சீர்செய்வதே என் தொழிலாக இருந்ததால் அவைதான் எனக்கும் சௌகரியம். இந்த முறை பாதிக் கடிதங்கள் எம்.எஃப். ஹுசைனின் ‘கிராம யாத்ரா’ ஓவியம் ஏலம் போனதைப் பற்றி. அதனால் இந்த இதழ் முழுவதும் ஏலம்தான்.

*ஒரு ஓவியம் 118 கோடி ரூபாய்க்குப் போனதாகப் படித்தேன். அப்படி என்னதான் இருக்கிறது அதில்? நியாயமான விலையா? (ஜவுளி வியாபாரி, ஈரோடு)*

முதலில் ஓவியத்தைப் பார்ப்போம். அகலம் கிட்டத்தட்ட 14 அடி, உயரம் 3 அடிதான். கான்வாஸில் எண்ணெய் வண்ணம், 1954-ல் வரைந்தது. நீளவாட்டில் 13 காட்சிகள்; சமைக்கும் பெண்கள், பிள்ளையைக் கவனிக்கும் தாய், வண்டிப் பயணம் என்று கிராமத்தின் அன்றாடம் கட்டம் கட்டமாக ஓடுகிறது. ஒரு கட்டத்தில் நிற்கும் உழவனின் கை மட்டும் கோட்டைத் தாண்டிப் பக்கத்துக் கட்டத்துக்குள் நீண்டு, அங்கே இருக்கும் நிலத்தைத் தாங்குகிறது. நான் படங்களில் எத்தனை முறை பார்த்தாலும் கண் அந்தக் கையில் போய்த்தான் நிற்கும்.

ஹுசைன் பம்பாயில் சினிமா பேனர் வரைந்து கை பழகியவர். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கும் புரிகிற தடித்த கோடு அங்கிருந்து வந்தது. 1948-ல் சக ஓவியர் எஃப்.என். சூசாவுடன் டெல்லிக்குப் போய், ராஷ்டிரபதி பவனில் நடந்த பெரிய கண்காட்சியில் குப்தர் காலச் சிற்பங்களையும் இமயமலை அடிவாரத்துப் பசோலி சிற்றோவியங்களையும் பார்த்தார். சிற்பத்தின் உடல் வளைவும் சிற்றோவியத்தின் தட்டையான சூடான நிறங்களும் அவர் கையில் ஒன்று சேர ஆறு வருடம் ஆனது. சேர்ந்த இடம் இந்த ஓவியம். விடுதலை பெற்று ஏழே வருடமான நாட்டில், நம் முகம் எது என்று ஒரு ஓவியர் தேடியதன் பதில் இது என்று நான் நினைக்கிறேன்.

இனி விலைக்கு வருவோம். உலகச் சுகாதார நிறுவனத்துக்காக, நெஞ்சு அறுவை சிகிச்சைப் பயிற்சி மையம் அமைக்க டெல்லிக்கு வந்திருந்தார் லியோன் எலியாஸ் வொலொதார்ஸ்கி என்ற மருத்துவர். உக்ரைனில் பிறந்து நார்வேயில் வாழ்ந்தவர். 1954-லேயே இதை வாங்கினார். கொடுத்தது 1,400 ரூபாய் என்று செய்திகளில் வந்தது. 1964-ல் ஓவியம் ஓஸ்லோ பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே வெளியாட்கள் நடமாடாத ஒரு நடையில் பல பத்தாண்டுகள் தொங்கியது. 2025 மார்ச் 19 அன்று நியூயார்க்கில் கிறிஸ்டிஸ் ஏலத்தில் 1 கோடியே 37.5 லட்சம் டாலருக்குப் போனது.

வியாபாரியான உங்களுக்கு இது எளிதில் பிடிபடும். ஹுசைன் நிறைய வரைந்தவர். ஆனால் 1950-களின் பெரிய எண்ணெய் ஓவியங்கள் கொஞ்சம்தான். அவற்றிலும் பல கை மாறாமல், யார் எப்போது எங்கே வாங்கினார் என்பது வரை தெரிந்து, சந்தைக்கே வராத ஒன்று எப்போது கிடைக்கும்? பணம் அதற்குத்தான். நியாயமா என்று கேட்டால், 1,400 ரூபாய்க்கு விற்ற அன்றும் இது இதே நல்ல ஓவியம்தான். அதைக் கெடாமல் வைத்திருந்தவர்களுக்கு இன்று பலன் கிடைத்திருக்கிறது. அந்தப் பணம் டாக்டர்களின் பயிற்சிக்குப் போகிறது என்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.

*ஏல நிறுவனமே 25 முதல் 35 லட்சம் டாலர் என்றுதானே மதிப்பிட்டது? நிபுணர்கள் இவ்வளவு தவறலாமா? (வங்கி ஊழியர், திருச்சி)*

அந்த மதிப்பீடு ஜோசியம் இல்லை, அழைப்பிதழ். குறைவாகப் போட்டால் கேட்க நிறையப் பேர் வருவார்கள். விற்பவரோடு தனியாகப் பேசி வைத்துக்கொண்ட ரிசர்வ் விலை ஒன்று உண்டு. அதற்குக் கீழே பொருள் கைவிட்டுப் போகாது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். செய்தியில் வரும் விலையில், வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குக் கொடுக்கும் பிரீமியமும் சேர்ந்திருக்கிறது. சுத்தியல் தட்டிய விலை அதைவிடக் குறைவு. மதிப்பீட்டை ஒப்பிட வேண்டியது அதனோடுதான்.

*இதில் ஹுசைன் குடும்பத்துக்கு ஏதாவது கிடைத்ததா? (ஓவிய மாணவர், கும்பகோணம்)*

நியூயார்க்கில் விற்றால் சட்டப்படி கொடுக்க வேண்டியது எதுவும் இல்லை. அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான மறுவிற்பனைப் பங்குச் சட்டம் கிடையாது. நம் நாட்டில் இருக்கிறது, தம்பி. 1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 53-ஏ பிரிவைப் படித்துவையுங்கள். மறுபடி விற்கும் விலை பத்தாயிரம் ரூபாயைத் தாண்டினால், பதிப்புரிமையின் முதல் உரிமையாளரான ஓவியரோ அவருடைய வாரிசோ பங்கு கேட்கலாம். உச்சவரம்பு 10 சதவீதம். முதல் ஓவியத்தை விற்கும்போதே யாருக்கு, எப்போது, என்ன விலைக்கு என்று எழுதி ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் இந்த உரிமையைக் கேட்க அந்தத் தாள்தான் துணை.

*அம்ரிதா ஷெர்-கில் ஓவியம் மட்டும் ஏன் வெளிநாட்டு ஏலத்துக்குப் போவதில்லை? (வாசகி, காரைக்குடி)*

இந்தியாவில் இருக்கும் அவருடைய ஓவியங்கள் நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது. 1972-ம் வருடத் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டத்தின்கீழ் அப்படி அறிவிக்கப்பட்டவர்கள் ஒன்பது பேர். ரவி வர்மா, ஜாமினி ராய், நந்தலால் போஸ், ரவீந்திரநாத் தாகூர் எல்லோரும் அதில் உண்டு. உள்நாட்டில் வாங்கலாம், விற்கலாம். 2023 செப்டம்பரில் சாஃப்ரன்ஆர்ட்டின் டெல்லி ஏலத்தில் ஷெர்-கில்லின் ‘கதைசொல்லி’ 61.8 கோடி ரூபாய்க்குப் போனது. ‘கிராம யாத்ரா’ வருவதற்கு முன் அதுதான் இந்திய ஓவியத்தின் உச்ச விலை.

*என் அப்பா 1960-களில் சென்னையில் வாங்கிய எண்ணெய் ஓவியம் வீட்டில் இருக்கிறது. கையெழுத்து புரியவில்லை. நிறம் மங்கி, ஓரத்தில் பூஞ்சை. ஏல நிறுவனத்துக்குப் படம் அனுப்பும் முன் சுத்தம் செய்யலாமா? உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்தால் பளிச்சென்று ஆகும் என்கிறார்கள். (ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, திருநெல்வேலி)*

வேண்டாம் அம்மா, தொடவே வேண்டாம். உருளைக்கிழங்கின் மாவுச்சத்து வெடிப்புகளில் தங்கிப் பூஞ்சைக்குத் தீனியாகும். அதன் ஈரம் வண்ணத்துக்கு அடியில் இருக்கும் பசையை உப்பவைக்கும். கொஞ்ச நாளில் வண்ணம் செதில் செதிலாக எழும்பும். தேங்காய் எண்ணெய் தடவுவதும் அதே அளவு கெடுதல். ஓவியர் பயன்படுத்தும் ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகும். தேங்காய் எண்ணெய் இறுகவே இறுகாது, பிசுபிசுப்பாக நின்று தூசியை இழுக்கும். இப்படித் தேய்த்து முகமே போன ஓவியங்கள் என் மேஜைக்கு வந்திருக்கின்றன. போன வண்ணத்தை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

இன்றைக்குச் செய்ய வேண்டியது இதுதான். ஈரச் சுவரிலிருந்து இறக்கி, வெயில் படாத, காற்றோட்டமான அறையில் நிறுத்துங்கள். மறுபடி மாட்டும்போது சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் பின்பக்கம் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் ஓவியத்துக்கும் நடுவே காற்று போகும். பின்புறம் மூலைகளில் சிறு மர ஆப்புகள் தெரியும். தளர்ந்திருக்கிறதே என்று தட்டி இறுக்காதீர்கள்.

அப்புறம் ஓவியத்தின் பின்புறத்தைப் படம் எடுங்கள். முன்புறத்தைவிட அது பேசும். கேலரி சீட்டு, கண்காட்சி எண், சட்டம் போட்ட கடையின் முத்திரை எதையும் பிய்க்காதீர்கள். முகவரியைக் கவனியுங்கள்: ‘மெட்ராஸ்-2’ என்று இருந்தால் பெரும்பாலும் 1972-க்கு முந்தையது, ஏனென்றால் ஆறு இலக்க பின்கோடு அந்த வருடம்தான் வந்தது. அப்பாவின் பழைய டைரி, பில், ஓவியத்தோடு எடுத்த குடும்பப் போட்டோ எல்லாவற்றையும் தேடுங்கள். ஏலக்காரர்கள் முதலில் கேட்பது இவற்றைத்தான்.

கையெழுத்தைப் பார்த்து ஒரு பெரிய பெயரை நினைத்துவிட வேண்டாம். 1960-களின் சென்னையில் கே.சி.எஸ். பணிக்கர் ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்தார். அவரைச் சுற்றி இளைஞர்கள் ஏராளம். அவர்கள்தான் மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணி விற்ற பணத்தில் நிலம் வாங்கி 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். உங்கள் ஓவியர் அவர்களில் ஒருவராகவும் இருக்கலாம், அதிகம் அறியப்படாத வேறொருவராகவும் இருக்கலாம். ஏலத்துக்குப் போகாவிட்டாலும் அதைக் காப்பாற்றுங்கள். அப்பா ஆசைப்பட்டு வாங்கியது.

*போலியை எப்படிக் கண்டுபிடிப்பது? (பொறியாளர், கோவை)*

கண்ணால் மட்டும் முடியாது, ஆனால் பொருள்கள் காட்டிக்கொடுக்கும். புறஊதா விளக்கின் கீழ் பிற்பாடு பூசிய வண்ணம் கருந்திட்டாகத் தெரியும். பழைய வார்னிஷுக்கு மேல் கையெழுத்து மிதந்தால் சந்தேகப்படுங்கள். தேலோ புளூ எனப்படும் நீலம் 1935-ல்தான் சந்தைக்கு வந்தது; அதற்கு முந்தைய ஓவியத்தில் அது இருக்க முடியாது. 1940-களின் ஓவியம் என்று சொல்லிவிட்டு அதில் நீரில் கரைக்கும் அக்ரிலிக் இருந்தால் பேச்சே இல்லை. அந்த வண்ணம் 1950-களில்தான் கடைக்கு வந்தது. ஒருமுறை என்னிடம் வந்த ஓவியத்தின் பின்னால் 1961-ம் வருடக் கண்காட்சிச் சீட்டு. தாள் பழுப்பேறி, ஓரம் மடங்கி, அசலாகவே இருந்தது. முகவரியில் ஆறு இலக்க பின்கோடு! சீர்செய்ய மறுத்துத் திருப்பி அனுப்பினேன்.

*வாங்க வசதி இல்லாதவர்கள் இவற்றையெல்லாம் எங்கே பார்ப்பது? (கல்லூரி மாணவி, வேலூர்)*

‘கிராம யாத்ரா’வுக்கு உறவுக்காரி ஒருத்தி டெல்லியிலேயே இருக்கிறாள். ஹுசைன் 1955-ல் வரைந்த ‘ஜமீன்’ அதே மாதிரி நீளவாக்கில் கிராம வாழ்க்கையைச் சொல்லும் ஓவியம். அந்த வருடம் லலித் கலா அகாதமியின் முதல் தேசியக் கண்காட்சியில் பரிசு பெற்றது. ஜெய்ப்பூர் ஹவுஸில் உள்ள தேசிய நவீன கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. போகும் முன் சுவரில் மாட்டியிருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பணிக்கரையும் அவர் மாணவர்களையும் பார்க்க டெல்லி வேண்டாம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் சோழமண்டலம் அருங்காட்சியகம் போதும்.

ஏலத்துக்கு முன் நடக்கும் பார்வை நாட்களுக்கும் தயங்காமல் போங்கள். டெல்லியிலும் மும்பையிலும் பெரிய நிறுவனங்கள் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகின்றன. வாங்குவீர்களா என்று கேட்கமாட்டார்கள். அருங்காட்சியகத்தைவிடக் கிட்டத்தில் நின்று தூரிகைத் தடத்தைப் பார்க்கலாம். ஓவியத்தின் நிலை பற்றிய அறிக்கை வேண்டுமென்று ஊழியரிடம் கேட்டால் காட்டுவார்கள். எங்கே வெடிப்பு, எங்கே பின்னாளில் தொட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஓவியத்தை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மெதுவாகப் பாருங்கள்.