வெள்ளியா, பங்கா: சார்ட் பழக எது தோது?

கேள்வி: கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வெள்ளி விலையை அன்றாடம் பார்த்துப் பழக்கம். டெக்னிக்கல் அனாலிசிஸ் (விலை சார்ட்டைப் படித்துக் கணிப்பது) கற்க எம்.சி.எக்ஸ். (கமாடிட்டி சந்தை) வெள்ளியிலேயே தொடங்கலாமா? ஒதுக்கியிருப்பது 50,000 ரூபாய்.
- வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: வெள்ளி சார்ட்டைப் பாருங்கள், பணத்தை இப்போதைக்கு அதில் இறக்க வேண்டாம். லாட் அளவுதான், அதாவது ஒரு தடவைக்கு வாங்கியாக வேண்டிய அளவுதான் காரணம். பெரிய லாட் 30 கிலோ, மினி 5 கிலோ, மைக்ரோ 1 கிலோ. கிலோவுக்கு 1,000 ரூபாய் இறங்கினால் நஷ்டம் முறையே 30,000, 5,000, 1,000 ரூபாய். கற்கும் காலத்தில் ஒரு டிரேடில் நஷ்டம் ஒதுக்கிய பணத்தில் 1 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. உங்களுக்கு அது 500 ரூபாய். மைக்ரோ எடுத்தாலும் வாங்கிய விலைக்கு 500 ரூபாய் கீழேயே ஸ்டாப்லாஸ் (நஷ்டத்தை நிறுத்த விற்று வெளியேறும் விலை) வைக்க வேண்டிவரும். வெள்ளி டீ குடித்து வருவதற்குள் அவ்வளவு ஆடிவிடும். கணிப்பு தப்பா, ஸ்டாப்லாஸ் இடைவெளி போதவில்லையா என்றே புரியாமல் பணம் போகும்.

பட்டறையில் உங்களுக்குத் தெரிவது டச் (வெள்ளியின் தரம்), சேதாரம், முகூர்த்த மாதக் கிராக்கி. எம்.சி.எக்ஸ். விலையோ வெளிநாட்டு வெள்ளியையும் டாலரையும் ஒட்டி ஓடுவது. 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் இறக்குமதி வரி 15லிருந்து 6 சதவீதமானதும் இங்கே விலை மளமளவென்று சரிந்தது. அதை எந்த சார்ட்டும் முன்கூட்டிக் காட்டாது.

நிஃப்டி 50 பங்குகளில் தொடங்குங்கள். 400 ரூபாய்ப் பங்கு, அதன் 14 நாள் ஏ.டி.ஆர். (ஒரு நாளில் விலை சராசரியாக ஆடும் அளவு) 8 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் இரு மடங்கு, அதாவது 16 ரூபாய் கீழே ஸ்டாப்லாஸ். 500ஐ 16ஆல் வகுத்தால் 31 பங்கு. 12,400 ரூபாய் போதும். இப்படி எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்கிற வசதி வெள்ளி லாட்டில் கிடையாது. டெலிவரியில், அதாவது முழுப் பணம் கொடுத்து மட்டும் வாங்குங்கள். நான்கைந்து பங்கு போதும், வெவ்வேறு துறையாக இருக்கட்டும்; நான்கும் வங்கி என்றால் பெரும்பாலும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். விலை மலிவு என்று சில்லறைப் பங்குகள் பக்கம் போகாதீர்கள். லோயர் சர்க்யூட்டில் (அன்றைக்கு விலை இறங்க அனுமதித்த எல்லை) பூட்டிக்கொண்டால் ஸ்டாப்லாஸ் போட்டிருந்தும் வாங்க ஆள் இருக்காது.

பகலில் பட்டறை வேலை என்றாலும் பாதகமில்லை. சந்தை 3.30க்கு முடியும், டெய்லி சார்ட்டை இரவில் பார்த்து, மறுநாள் 9.15க்குப் பிறகு ஆர்டர் போடலாம். சாதாரண ஸ்டாப்லாஸ் அன்றைக்கே ரத்தாகிவிடும் என்பதால் ஜி.டி.டி.யாக (அன்றோடு ரத்தாகாமல் நாள் கடந்தும் நிற்கும் ஆர்டர்) போடுங்கள். மறுநாள் கேப்-டவுனில் (முந்தைய நாள் விலையை விட்டு ஒரேயடியாகக் கீழே) திறந்தால் அதுவும் முழுதாகக் காப்பாற்றாது.

நிஃப்டி ஆப்ஷன் பற்றி நீங்கள் கேட்கவில்லை. யாராவது கட்டாயம் அதில் இறங்கச் சொல்வார்கள். விலை அசையாமல் நின்றாலும் ஆப்ஷன் வாங்கக் கொடுத்த பிரீமியம் நாளாக நாளாகக் கரையும், அதனால் சார்ட் சரியாகப் படித்தும் தோற்கலாம். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்கு எஃப் அண்ட் ஓ-வில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக செபி ஆய்வு சொல்கிறது.

கேள்வி: காபித் தோட்டம் இருக்கிறது. நியூயார்க் அராபிகா சார்ட்டில் பழகலாமா?
- வாசகர், ஏற்காடு

பதில்: பார்த்துப் பழகலாம். டிரேட் செய்ய முடியாது. வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுக்கு மார்ஜின் பணம் (டிரேடுக்கான முன்பணம்) அனுப்ப ரிசர்வ் வங்கி விதி இடம் தராது. ஒரு கான்ட்ராக்டே 37,500 பவுண்டு, சுமார் 17 டன். தொடர் சார்ட்டில் மார்ச் முடிந்து மே கான்ட்ராக்டுக்கு மாறும் இடத்தில் வரும் கேப்பை பிரேக்அவுட் (விலை தடையை உடைத்துக் கிளம்புவது) என்று எண்ணிவிடாதீர்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பிரேசிலில் உறைபனி பயம் உண்டு; 2021 ஜூலையில் விலை எகிறியது அதனால்தான். அந்த மாதங்களின் கேண்டில்களைத் தனியாகக் குறித்து வைத்துப் படியுங்கள்.