பாட்காஸ்ட் பிடித்த கொலையாளியா?

கேள்வி: ஆஸ்திரேலியாவில் போலீஸ் 36 வருடம் கோட்டைவிட்ட கொலையை ஒரு பாட்காஸ்ட் துப்புத் துலக்கி, கணவனை ஜெயிலுக்கு அனுப்பியதாமே! இனி போலீஸ் எதற்கு?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: துப்புத் துலக்கியது என்று யார் சொன்னது? 'தி டீச்சர்ஸ் பெட்' தொடரைத்தான் சொல்கிறீர்கள். சிட்னியில் இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தாயான லினெட் டாசன் காணாமல் போனது 1982 ஜனவரியில். ஆசிரியரான கணவர் கிறிஸ் டாசன் சில நாட்களிலேயே தன் மாணவி ஒருத்தியை அதே வீட்டில் கொண்டுவந்து வைத்துக்கொண்டார். 'மனைவி வீட்டைவிட்டுப் போய்விட்டாள்' என்ற கதையைப் போலீஸ் வருடக்கணக்கில் நம்பியது. வெட்கக்கேடுதான், மறுக்கவில்லை.

ஆனால் 'தெரிந்த ஒருவர்தான் கொன்றிருக்கிறார்' என்ற முடிவுக்கு 2001, 2003 ஆண்டுகளில் நடந்த இரண்டு மரண விசாரணைகளுமே வந்துவிட்டன. சாட்சியம் போதாது என்று கையை விரித்தது அரசு வழக்குத் துறை. 'தி ஆஸ்திரேலியன்' பத்திரிகைக்காக ஹெட்லி தாமஸ் செய்த இந்தத் தொடர் தொடங்கியது 2018 மே மாதம். அதற்கு முந்தைய மாதமே போலீஸ் புதிய கோப்பை அந்தத் துறையிடம் கொடுத்திருந்தது. பாட்காஸ்ட் செய்தது, நாட்டையே அந்த வழக்கைப் பற்றிப் பேசவைத்தது. சின்ன வேலை இல்லை. அதற்கு விலையும் உண்டு: இத்தனை கூச்சலுக்குப் பிறகு நியாயமான விசாரணை நடக்குமா என்று எதிர்த்தரப்பு கேட்க, வழக்கே சில மாதம் நிறுத்திவைக்கப்பட்டது. தொடரை ஆஸ்திரேலியாவில் கேட்க முடியாதபடி எடுக்கவேண்டி வந்தது. கடைசியில் ஜூரி இல்லாமல் நீதிபதி ஒருவரே விசாரித்து, 2022-இல் 24 ஆண்டு சிறை விதித்தார். நூலிழையில் தப்பிய வழக்கு ஐயா அது!

சரி, 'பவுராவில்' என்ற பாட்காஸ்டைக் கேட்டிருக்கிறீர்களா? அதே 'தி ஆஸ்திரேலியன்' பத்திரிகைதான், இரண்டு வருடம் முன்னதாக, 2016-இல் வெளியிட்டது. செய்தவர் டான் பாக்ஸ். நியூ சவுத் வேல்ஸின் சிற்றூர் ஒன்றில் 1990-91-இல், ஐந்தே மாதத்தில், ஒரே தெருவிலிருந்து பூர்வகுடிப் பிள்ளைகள் மூவர் காணாமல் போனார்கள். ஒரு குழந்தைக்கு நாலு வயது. 'எங்காவது ஊர் சுற்றப் போயிருக்கும்' என்றது போலீஸ். ஒரே ஆள்மீது 1994-இலும் 2006-இலும் தனித்தனியாகக் கொலை வழக்கு, இரண்டிலும் விடுதலை. மூன்று சாவுகளையும் சேர்த்து எந்த ஜூரியும் கேட்டதே இல்லை. பாட்காஸ்ட் வந்த வருடமே போலீஸ் கமிஷனர் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டார். மறுவிசாரணைக்கு வழி? 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது, அடுத்த வருடம் நாட்டின் உச்ச நீதிமன்றமும் கதவைச் சாத்தியது.

நாடு ஒன்று, பத்திரிகை ஒன்று. கும்பகோணம் வரை வந்து சேர்ந்தது வெள்ளைக்காரக் குடும்பத்தின் கதை மட்டும். அது உங்கள் குற்றமில்லை. ஆனால் போலீஸ் எதற்கு என்று கேட்டீர்களே, முதல் பிள்ளையைக் காணோம் என்று தாய் வந்து சொன்ன அன்றே அந்தத் தெருவில் இறங்கித் தேடுவதற்குத்தான். அந்த வேலையைப் பாட்காஸ்ட் செய்ய முடியாது. அது 25 வருடம் கழித்துத்தானே வந்தது!