‘ஆஸ்க்’ வினைக்குப் பின் ‘டு’ எங்கே வரும்?

வணக்கம் ஐயா. ஆம்பூர்த் தோல் ஏற்றுமதி அலுவலகத்தில் ‘வீ ஆஸ்க்டு டு தி டேனரி எ சாம்பிள்’ (தோல் பதனிடும் ஆலையிடம் ஒரு மாதிரி கேட்டோம்) என்று நீங்கள் எழுதியதை மேலாளர் ஏன் திருத்தினார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவர் திருத்தியது சரியே. தமிழில் ‘டேனரியிடம்’ என்று உருபு சேர்த்துப் பழகியதால் நமக்கு ‘டு’ தானாக வந்துவிடுகிறது. ஆங்கிலத்திலோ யாரைக் கேட்கிறோமோ அவர் வினைச்சொல்லை அடுத்து நேராக நிற்பார், பெற விரும்பும் பொருளுக்கு முன்னால் ‘ஃபார்’ வரும். ஆகவே, ‘வீ ஆஸ்க்டு தி டேனரி ஃபார் எ சாம்பிள்’ என்று எழுதுங்கள்.

பலரும் தடுமாறும் இடம் அடுத்தது. வேலூர்ப் பேருந்து நிலையத்தில் தண்ணீர் பாட்டில் வேண்டுமென்றால் ‘ஆஸ்க் ஃபார் எ பாட்டில்’. அதன் விலையைத் தெரிந்துகொள்ள மட்டும் விசாரித்தால் ‘ஆஸ்க் தி பிரைஸ்’, அங்கே ‘ஃபார்’ கிடையாது. வழி, நேரம், பெயர் எல்லாம் இப்படித்தான்.

‘டு’ செயலுக்கு முன்னால் வரும்: ‘ஆஸ்க் ஹிம் டு கம்’ என்றால் அவரை வரச் சொல்வது, ‘ஆஸ்க் ஹிம் இஃப் ஹீ இஸ் கமிங்’ என்றால் வருகிறாரா என்று விசாரிப்பது. இவ்விரண்டையும் குழப்பினால் கடிதத்தின் பொருளே மாறிவிடும்.

‘ஆஸ்க்’ போலவே கேட்பதைக் குறிக்கும் ‘ரிக்வெஸ்ட்’ வினையாக வரும்போது ‘ஃபார்’ சேர்க்க வேண்டாம், பெயர்ச்சொல்லானால் சேர்க்கலாம்.