கங்காருவும் விடைக்குறிப்பும்

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள், ‘கங்காரு’ என்பது ஆஸ்திரேலியப் பழங்குடி மொழி ஒன்றில் அந்த விலங்குக்கு வழங்கிய பெயர் என்று வினாடி வினாவில் எழுதினாள். “எனக்குப் புரியவில்லை” என்பதே அதன் பொருள் என்று விடைக்குறிப்பில் இருப்பதால் மதிப்பெண் தரவில்லை. முறையிடலாமா?

பதில்: தாராளமாக முறையிடுங்கள். உங்கள் மகள் எழுதியதே சரி.

விலங்கின் பெயரைக் கேட்ட வெள்ளையரிடம் உள்ளூர்க்காரர் “எனக்குப் புரியவில்லை” என்றாராம், அதையே பெயராக எழுதிக்கொண்டார்களாம்: விடைக்குறிப்பின் கதை இது. நடந்தது வேறு. 1770இல் ஆங்கிலேய மாலுமி ஜேம்ஸ் குக்கின் ‘எண்டவர்’ கப்பல் ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையோரம் பவளப்பாறையில் மோதியது. இன்று குக்டவுன் இருக்கும் ஆற்றங்கரையில் ஏறக்குறைய ஏழு வாரம் நின்று பழுதுபார்த்தார்கள். அங்கே வாழ்ந்த கூகு யிமிதிர் என்ற பழங்குடி மக்களிடம் கேட்ட சொல்லைத்தான் கப்பலில் வந்த இயற்கையியலாளர் ஜோசப் பேங்க்ஸ் ஜூலை 12 அன்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அந்தச் சொல்லின் நடுவில் ஒலிப்பது ‘அங்ஙனம்’ என்பதில் வரும் ங. அரிச்சுவடியோடு நாம் மறந்துவிடும் ‘ஙு’வுக்கு இங்கேயாவது வேலை கிடைத்தது: கஙுரு. பெரிய கங்காருக்களில் ஒரு வகையின் பெயர் அது.

பள்ளியில் யாராவது விவரம் தெரிந்தவர் 1820ஆம் ஆண்டைக் காட்டி மடக்கலாம். அந்த ஆண்டு ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி பிலிப் பார்க்கர் கிங் அதே ஆற்றங்கரையில் விலங்கின் பெயரைக் கேட்டபோது ‘மீனுவா’ என்று வேறு சொல் கிடைத்தது. குக் ஏமாந்துவிட்டார் என்ற சந்தேகம் அதனால் வலுத்தது. ஆனால் அந்த மொழியில் ‘மின்ஹ’ என்றால் உண்ணத்தக்க விலங்கு, இறைச்சி. ஆட்டைக் காட்டிக் கேட்டால் ஒருவர் ஆடு என்பார், சமையல் நினைப்பில் இருப்பவர் கறி என்பார். இருவரும் பொய் சொல்லவில்லையே! 1970களில் மொழியியலாளர் ஜான் ஹேவிலண்ட் அந்த மக்களிடமே சென்று ஆராய்ந்து பழைய சொல்லை உறுதிசெய்தார். சிட்னிப் பக்கத்துப் பழங்குடி மக்களின் மொழி வேறு. அவர்களுக்கு இந்தச் சொல்லே தெரியாது. கப்பலில் வந்திறங்கிய பசுக்களைப் பார்த்து, இவையும் கங்காருவா என்று அவர்களில் ஒருவர் கேட்டதை, அங்கே குடியேற வந்த ஆங்கிலேயப் படை அதிகாரி வாட்கின் டென்ச் எழுதியிருக்கிறார்.

உங்கள் ஆசிரியரைக் கோபிக்காதீர்கள். பொது அறிவுப் புத்தகம் போடுகிறவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுகிறார்கள், வரிசை எண்கூட மாறுவதில்லை. அதையே வினா வங்கி என்று அட்டை மாற்றிப் பள்ளிகளின் தலையில் கட்ட இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். அச்சில் வந்துவிட்டால் பிழையும் விடையாகிவிடுகிறது. அதைத் திருத்தும் அதிகாரம் வகுப்பாசிரியருக்கு இல்லையாம். பிறகு எதற்கு ஆசிரியர்?

வாய்ச்சண்டை வேண்டாம். சொற்பிறப்பு தரும் நல்ல ஆங்கில அகராதியில் அந்தப் பக்கத்தை நகலெடுத்து, அரைப்பக்கக் கடிதத்தோடு தலைமையாசிரியரிடம் கொடுத்துக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த எதையும் இணைக்காதீர்கள், அது உங்கள் பக்கம் பேசினாலும்.