நெஞ்சுக்குள் வைத்த கிராஃப்டில் கிருமி: மருந்து மட்டும் போதாதா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. மகாதமனி (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) வீங்கியிருந்ததால் மூன்று வருடங்களுக்கு முன் அந்தப் பகுதியை வெட்டியெடுத்துவிட்டு செயற்கைக் குழாய் (கிராஃப்ட்) வைத்தார்கள். இப்போது விட்டுவிட்டுக் காய்ச்சல், தழும்போரத்தில் நீர்க்கசிவு. கிராஃப்டில் தொற்று, மறுபடி நெஞ்சைத் திறந்து அதை எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். ஆன்டிபயாடிக்கிலேயே சரிசெய்ய முடியாதா?

பதில்: உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, அம்மா. நான் செய்யும் ஆபரேஷன்களில் மிகவும் யோசித்துக் கையில் எடுப்பது இதைத்தான். ஆனாலும் அப்பாவின் உடம்பு தாங்குமென்றால், உங்கள் டாக்டர் சொல்வதே சரி.

கிராஃப்ட் என்பது பாலியெஸ்டர் துணியில் நெய்த குழாய். அதற்கென ரத்த ஓட்டம் கிடையாது. தொட்டியின் உள்சுவரில் பாசி பிடிப்பதுபோல, கிருமிகள் அதன்மேல் வழுவழுப்பான படலம் கட்டிக்கொள்கின்றன. மருந்து அதற்குள் போதிய அளவு இறங்குவதில்லை. அதனால்தான் மாத்திரை சாப்பிடும்வரை காய்ச்சல் அடங்கி, நிறுத்தியதும் திரும்புகிறது.

ஆபரேஷனில் எனக்கு அதிகக் கவலை தருவது முதல் சில நிமிடங்கள். பழைய குழாய் நெஞ்செலும்பின் பின்புறம் ஒட்டியிருக்கலாம். அப்படியிருந்தால் எலும்பை அறுக்கும்போதே அது கிழிந்துவிடலாம். ஆகவே தொடையிலோ தோளருகிலோ உள்ள தமனி வழியாக இதய-நுரையீரல் இயந்திரத்தை முன்கூட்டியே இணைத்துக்கொள்வோம். தேவைப்பட்டால் உடம்பை 20 டிகிரி செல்சியஸ் வரை குளிர வைத்து, சிறிது நேரம் ரத்த ஓட்டத்தையே நிறுத்துவோம். குழாயை எடுத்து, சுற்றியுள்ள அழுகிய திசுவைச் சுரண்டிக் கழுவி, இறந்தவர் தானமளித்த தமனியையோ மாட்டின் இதய உறையில் தைத்த குழாயையோ பொருத்துவோம். பிறகு வயிற்றில் குடலை மூடியிருக்கும் கொழுப்புப் படலத்தை, அதன் ரத்தக்குழாய்களோடு மேலே இழுத்து, புதுக் குழாயைச் சுற்றிப் போர்த்துவோம். ரத்த ஓட்டமுள்ள அந்தத் திசு, கிருமியை எதிர்க்க நன்றாக உதவும்.

உயிருக்கு ஆபத்து, பக்கவாதம் இரண்டுமே இதில் உண்டு, மறைக்க மாட்டேன். மிகவும் பலவீனமானவர்களுக்கு ஆபரேஷனைத் தவிர்த்து, ஆயுள் முழுக்க மாத்திரை கொடுத்துத் தொற்றை அடக்கி வைப்பதும் உண்டு. ஆபரேஷன் முடிந்தாலும் ஆறு வாரமாவது ஊசி மருந்து போடவேண்டியிருக்கும்.

ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துக் கண்டுபிடிக்கும் சோதனை) எடுக்கும் முன் நீங்களாக எந்த ஆன்டிபயாடிக்கும் கொடுக்காதீர்கள். எந்தக் கிருமி என்பதே தெரியாமல் போய்விடலாம். உள்ளே குழாயைத் தைத்த இடத்தைத் தொற்று அரித்தால் ரத்தம் கசியும். தழும்பில் துளி ரத்தம் தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.